மாடிப்படியில் தம் அடிப்பதை நிறுத்துவது எப்படி

பல அலுவலகக் கட்டடங்களில் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, படி திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல் இருக்கும். ஜன்னல் விளிம்பில் சிகரெட்டை நசுக்கி அணைத்த கறுப்பு வட்டங்கள். மூலையில் சிவப்புத் தீயணைப்பு வாளி, அதன் மணலில் ஊதுவத்தி மாதிரி குத்தி நிற்கும் சிகரெட் துண்டுகள். அதற்கு நேர் மேலே, ஏ4 தாளில் அச்சடித்து டேப் போட்டு ஒட்டிய "புகை பிடிக்காதீர்".

அந்தத் தாள் தோற்றுப்போனதற்குக் காரணம் தொழிலாளர்களின் திமிர் என்றுதான் நிர்வாகத்தில் நினைப்பார்கள். அங்கே நிற்கும் ஆளின் உடம்பில் நடப்பது வேறு. புகையை இழுத்த 10 முதல் 20 விநாடிக்குள், புகையிலையில் உள்ள அடிமையாக்கும் பொருளான நிகோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. ஏறத்தாழ 2 மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. காலை 9 மணிக்குக் கேட்டுக்கு வெளியே ஒன்றைப் பிடித்துவிட்டு உள்ளே வந்தவருக்குப் பதினொன்றரைக்குக் கை பரபரப்பது பழக்கம் மட்டுமல்ல, உடம்பு கேட்கிறது. அவருக்கு "பிடிக்காதே" என்று மட்டும் சொன்னால் மாடிப்படியை விட்டுக் கழிவறைக்குப் போவார். அதனால் தடையையும் விடுவதற்கான உதவியையும் ஒரே வாரத்தில் கொண்டுவர வேண்டும். இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. தமிழ்நாட்டில் அலுவலகம், பட்டறை, பனியன் கம்பெனி, மெஸ், லாட்ஜ் என்று எதை நடத்துபவருக்கும் மேற்பார்வையாளருக்கும் இது பொருந்தும்.

துண்டுகளை எண்ணுவதில் தொடங்குங்கள்

போர்டு அடிக்க ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் எண்ணுங்கள். முதல் நாள் மாலை கட்டடம் முழுவதும் கூட்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மறுநாள் மாலை, கூட்டுவதற்கு முன், எந்த இடத்தில் எத்தனை துண்டு என்று குறியுங்கள். ஏழு நாளும் இப்படியே. துப்புரவு செய்யும் அக்காவிடம் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். எந்த மூலையில் எப்போது துண்டு விழும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்.

பார்க்க வேண்டிய இடங்கள்: படி திரும்பும் இடங்கள், மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் மறைவு, லிப்ட் மோட்டார் அறை, கழிவறை ஜன்னல் விளிம்பு, ஜெனரேட்டர் கொட்டகை, பைக் நிறுத்தும் இடம், செக்யூரிட்டி கூண்டின் பின்புறம். பூந்தொட்டிகளையும் விடாதீர்கள். சிகரெட் துண்டையும் பீடித் துண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். லோடு இறக்கும் இடத்தில் பீடித் துண்டு கிடந்தால், பிடிப்பவர் யார், எந்த நேரத்தில் ஓய்வெடுப்பவர் என்று அதுவே சொல்லிவிடும். கழிவறையில் கிடந்தால் யாரோ ஒளிந்து பிடிக்கிறார்கள். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த பையன்களாகவோ, வீட்டுக்கும் மேலாளருக்கும் தெரியக்கூடாது என்று நினைப்பவராகவோ இருப்பார்கள். இந்தக் கணக்கு யாரையும் பிடித்துக் கொடுப்பதற்கு அல்ல. போர்டை எங்கே மாட்டுவது, யாரிடம் போய்ப் பேசுவது, மூன்று மாதம் கழித்து ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

சட்டம் கேட்பது என்ன

சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், 2003. வழக்கில் கோட்பா என்பார்கள். அதன் 4ஆம் பிரிவு பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கிறது. இதற்கான இப்போதைய விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ளன. ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றம், நூலகம், பஸ், ரயில் ஆகியவற்றோடு வேலையிடம், ஓட்டல், டீ காபி விற்கும் கடை, வணிக வளாகம், தியேட்டர், பார் எல்லாமே பொது இடம்தான். "திறந்த வெளிதானே" என்று பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலைய நடைமேடையிலும் சொல்வது செல்லாது; ஸ்டேடியம், பஸ் நிறுத்தம், ரயில் நிலையம் ஆகியவற்றை விதிகள் திறந்தவெளி விலக்கிலிருந்து எடுத்துவிட்டன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம்.

பலரும் கவனிக்காத பகுதி, பொறுப்பாளர் மீது விழும் கடமை. உரிமையாளர், மேலாளர், மேற்பார்வையாளர் யாராக இருந்தாலும், அந்த இடத்தில் யாரும் புகைபிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புகார் வந்தும் ஒன்றும் செய்யாமல் இருந்தால், எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனை குற்றத்துக்கான அபராதம் அவர் தலையில் விழும். சாம்பல் தட்டு, தீப்பெட்டி, லைட்டர் என்று புகைபிடிக்க உதவும் எதையும் அங்கே கொடுக்கக் கூடாது. டீக்கடைத் தூணில் நூலில் கட்டித் தொங்கும் லைட்டரும், சில ஊர்ப் பெட்டிக்கடைகளில் நாள் முழுக்க முனை கனன்றுகொண்டிருக்கும் தேங்காய்நார்க் கயிறும் எதற்காக இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் கேன்டீனில் அப்படி ஒன்று தொங்கினால் முதலில் அதை அவிழ்த்து எடுங்கள்.

தனி "ஸ்மோக்கிங் ரூம்" வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 30 அறைக்குக் குறையாத ஓட்டல், 30 பேருக்குக் குறையாமல் உட்காரும் உணவகம், விமான நிலையம், இவற்றுக்கு மட்டுமே அனுமதி உண்டு. அங்கேயும் நாலு பக்கமும் கூரை வரை சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு, உள்காற்றை நேராக வெளியே தள்ளும் தனிக் குழாய், மற்ற இடங்களைவிட அறைக்குள் குறைந்த காற்றழுத்தம் எல்லாம் வேண்டும். அந்த அறைக்குள் எதையும் பரிமாறக் கூடாது. சாதாரண அலுவலகத்துக்கு இந்த வழியே கிடையாது. கண்ணாடித் தடுப்பு போட்டு ஓர் எக்ஸாஸ்ட் பேன் மாட்டினால் போதும் என்று இன்டீரியர் செய்பவர் சொன்னால் கேட்காதீர்கள்.

ஏசி போட்ட அறையில் "கொஞ்சம் தள்ளி நின்னு பிடிச்சா என்ன?" என்பார்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை. அறையில் இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திருப்பி அனுப்புகிறது. ஒருவர் விட்ட புகையைத்தான் மாலை வரை எல்லோரும் சுவாசிக்கிறார்கள். 2016-17இல் எடுத்த தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பில், கட்டடத்துக்குள் வேலை செய்பவர்களில் 30.2 சதவீதம் பேர் வேலையிடத்தில் பிறர் புகையைச் சுவாசித்திருக்கிறார்கள். 2008 விதிகள் வந்து எட்டு வருடம் ஆன பிறகும் அந்த நிலைமை.

போர்டு

ஏ4 தாள் கணக்கில் சேராது. அளவைப் பெயின்டரிடமோ பிளெக்ஸ் கடையிலோ இப்படியே சொல்லிவிடுங்கள்: 60 செ.மீ. × 30 செ.மீ.க்குக் குறையாத பலகை, வெள்ளைப் பின்னணி. வெளிவிட்டம் 15 செ.மீ.க்குக் குறையாத வட்டம், அதன் சிவப்பு விளிம்பு 3 செ.மீ. அகலத்துக்குக் குறையக் கூடாது. நடுவில் கறுப்புப் புகை விடும் சிகரெட் அல்லது பீடி, குறுக்கே அதே அகலத்தில் சிவப்புப் பட்டை. எழுத்து: "புகைபிடிக்கக் கூடாத இடம். இங்கே புகைபிடிப்பது குற்றம்." யாரிடம் புகார் சொல்ல வேண்டுமோ அவர் பெயரும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், கூடவே போன் நம்பரும் போட்டுவிடுங்கள். பெயர் இல்லாத போர்டுதான் ஊரெல்லாம் தொங்குகிறது. பெயர் இல்லாவிட்டால் பொறுப்பும் யாருக்கும் இல்லை.

மாட்ட வேண்டிய இடங்கள்: ஒவ்வொரு நுழைவாயில், உள்ளே நன்றாகத் தெரியும் இடங்கள், ஒவ்வொரு மாடி, மாடிப்படி, லிப்ட் வாசல். கதவைத் திறந்தால் கதவுக்குப் பின்னால் மறைந்துபோகும் சுவரில் மாட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. கதவைத் திறந்து வைத்துப் பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள். துண்டுக் கணக்கில் முதலிடம் பிடித்த மூலைக்குத் தனியாக ஒரு போர்டு போடுங்கள், சட்டம் கேட்காவிட்டாலும்.

போர்டு ஏறும் அதே நாளில் மணல் வாளியைச் சலித்துத் துண்டுகளை எடுத்துவிடுங்கள். ஜன்னல் விளிம்புக் கறையைத் தேய்த்து, முடிந்தால் பெயின்ட் அடித்துவிடுங்கள். பழைய துண்டு கிடக்கும் இடம், புதிதாக வருபவருக்கு "இங்கே பிடிக்கலாம்" என்று அனுமதி கொடுக்கிறது. அந்த மூலைகளைத் தினமும் காலையிலேயே கூட்டச் சொல்லுங்கள்.

முதலாளியின் கேபினில் சாம்பல் தட்டு இருந்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. கீழே இருப்பவர்கள் போர்டைப் பார்ப்பதில்லை, கேபின் கதவிடுக்கில் வரும் வாசனையைத்தான் பார்க்கிறார்கள்.

எப்படிச் சொல்வது, யார் சொல்வது

வாட்ச்மேனிடம் "யாரும் பிடிக்காம பாத்துக்க" என்று விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். சம்பளத்திலும் பதவியிலும் தனக்கு மேலே இருக்கும் எவரையும் அவரால் தடுக்க முடியாது. தனியார் நிறுவனத்தில் அபராதம் விதிக்கும் அதிகாரம் நிறுவனத் தலைவர், மனிதவளத் துறை மேலாளர், நிர்வாகத் தலைவர் ஆகியோருக்கு உண்டு. பள்ளி, கல்லூரியில் தலைமையாசிரியர் அல்லது முதல்வர். அரசு ஆஸ்பத்திரியில் கண்காணிப்பாளர். ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டர். செக்யூரிட்டிக்குக் கொடுக்க வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: பார்த்ததும் போர்டில் பெயர் இருப்பவருக்குப் போன் செய்வது. அவர் இறங்கி வர வேண்டும். முதல் இரண்டு வாரம் கட்டாயம் வர வேண்டும்.

சொல்லும் விதம் முக்கியம். மூத்தவரிடம்: "அண்ணே, உள்ள பிடிக்கக் கூடாதுண்ணே. அணைச்சிட்டு வாங்க, இல்லன்னா கேட்டுக்கு வெளிய போயிட்டு வந்துருங்க." இளையவரிடம்: "தம்பி, போர்டு பாத்தீங்களா? இங்க வேணாம்." வந்த விருந்தாளியிடம்: "சார், இந்தக் கட்டடத்துல அனுமதி இல்லைங்க, மன்னிக்கணும்." அவ்வளவுதான். நுரையீரல், புற்றுநோய், பெண்டாட்டி பிள்ளை என்று அங்கே ஆரம்பிக்காதீர்கள். கையில் சிகரெட்டோடு நாலு பேர் முன்னால் மாட்டிக்கொண்டவர் எந்த அறிவுரையையும் கேட்கும் நிலையில் இல்லை. அந்தப் பேச்சுக்கு வேறு நேரம் இருக்கிறது.

முதல் முறை சொல்லுங்கள், இரண்டாம் முறை பெயரை எழுதுங்கள், மூன்றாம் முறை அபராதம். அபராதம் வாங்கினால் ரசீது கொடுத்தே ஆக வேண்டும். ரசீது இல்லாமல் வாங்கிய 200 ரூபாய் லஞ்சம் என்றே பேசப்படும். அன்றோடு தடைக்கு மரியாதை போய்விடும். சம்பளத்தில் பிடிப்பது என்ற யோசனையே வேண்டாம்.

பள்ளி, கல்லூரிக்கு இன்னொரு வேலை கூடுதலாக உண்டு. சுற்றுச்சுவரிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. 100 கெஜம் என்பது 300 அடி, அதாவது 91 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். இதைச் சாலை வளைவோடு நடந்து அளக்கக் கூடாது; சுவரிலிருந்து நேர்கோட்டில், எல்லாத் திசையிலும் அளக்க வேண்டும். சாலையில் மஞ்சள் கோடு போட்டுவிட்டால் கடைக்காரரோடு வாக்குவாதம் குறையும். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்பது எந்த இடத்திலும் குற்றம். கம்பெனி கேட் எதிரே விற்பதை இந்த 100 கெஜ விதி தடுக்காது. அங்கே சண்டை போட்டுப் பயனில்லை.

இப்போது விட வைக்கும் வேலை

மேலே சொன்ன 2016-17 கணக்கெடுப்பில், புகைபிடிப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விடும் எண்ணத்தில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாடிப்படியில் நிற்கும் இருவரில் ஒருவர் ஏற்கெனவே உங்கள் பக்கம். அவரிடம் தனியாக, டீ நேரத்தில், கையில் சிகரெட் இல்லாதபோது கேளுங்கள்: "விடணும்னு எப்பவாச்சும் நெனச்சிருக்கீங்களாண்ணே?" பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். "ரெண்டு தடவ விட்டேன், முடியல" என்று சொன்னால் நல்ல செய்தி. எத்தனை நாள் நின்றது, எந்த இடத்தில் திரும்ப ஆரம்பித்தது என்று கேளுங்கள். திரும்பத் தொடங்கிய இடத்தைத்தான் இந்த முறை அடைக்க வேண்டும். "இப்போதைக்கு இல்ல" என்றால் "சரிண்ணே, வேணும்போது சொல்லுங்க" என்று விட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள்.

தேதி: இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறியுங்கள். மாதக் கடைசி, ஆடிட் வாரம், வீட்டில் கல்யாணம், தீபாவளிக்கு முந்தைய ஓவர்டைம் வேண்டாம். ஒன்றிரண்டாகக் குறைத்துக்கொண்டே போவதைவிட, குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்துபவர்கள் கொஞ்சம் அதிகம் பேர் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. குறைக்கும்போது என்ன ஆகிறதென்றால், பத்தை ஐந்தாக்கியவர் அந்த ஐந்தையும் ஆழமாக, கடைசி வரை இழுக்கிறார். நிகோட்டின் அளவு நினைத்தபடி குறைவதில்லை. பீடிக்கு மாறினால் பரவாயில்லை என்பதும் தவறு. பீடி இலையில் காற்று எளிதாகப் புகாது, இழுக்காமல் விட்டால் அணைந்துபோகும். அணையாமல் இருக்க அடிக்கடி, பலமாக இழுக்க வேண்டும். அதனால் உள்ளே போகும் தாரும் (புகையில் உள்ள பிசுபிசுப்பான நச்சுக் கலவை) கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் கூடுதல்.

குறித்த நாளுக்கு முன்னால் பை, பைக் டேங்க் கவர், மேசை இழுப்பறை, சட்டைப் பை எல்லாவற்றிலிருந்தும் சிகரெட், லைட்டர், தீப்பெட்டியைக் காலி செய்யச் சொல்லுங்கள். பெட்டிக்கடையில் ஒத்தையாகக் கிடைப்பதால் வீட்டில் பாக்கெட் இல்லாதவர்தான் அதிகம். அவருக்கு வேலை வேறு: எந்தக் கடை, எந்த நேரம் என்று எழுதி, இரண்டு வாரம் அந்த வழியே போகாமல் இருப்பது. கடைக்காரரிடமே "அண்ணாச்சி, நான் கேட்டாலும் குடுக்காதீங்க" என்று சொல்லிவைக்கலாம். பல அண்ணாச்சிகள் கொடுக்கமாட்டார்கள்.

நிகோட்டின் கம், மெல்லத் தெரிய வேண்டும்

சிகரெட் ஆசையைத் தணிக்க மெல்லும், நிகோட்டின் கலந்த சூயிங்கம் இது. கம் வாங்கியவர்களில் பலர் மூன்றாம் நாளே "வேலை செய்யல, விக்கல் வருது" என்று தூக்கிப்போடுவது, அதைச் சாதாரணச் சூயிங்கம் போல மென்றதால்தான். வேகமாக மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போகிறது. அங்கே அதனால் பயனில்லை, விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். கன்னத்தின் உட்தோல் வழியாக இரத்தத்தில் சேர வேண்டிய மருந்து அது.

சரியான முறை: மெதுவாக மெல்லுங்கள். மிளகு கடித்த மாதிரி காரமோ, நாக்கில் சுறுசுறுப்போ தெரிந்ததும் நிறுத்துங்கள். கம்மைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். ஒரு நிமிடம் போல ஆகி அந்தச் சுறுசுறுப்பு அடங்கியதும் மறுபடி இரண்டு மூன்று மெல்லல், மறுபக்கக் கன்னத்தில் ஒதுக்கல். ஒரு கம் இப்படி 30 நிமிடம் வரும். மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து, வாயில் இருக்கும் வரை, தண்ணீர் தவிர எதுவும் குடிக்கவோ சாப்பிடவோ கூடாது. காபி, எலுமிச்சைச் சாறு, சோடா போன்ற புளிப்புத்தன்மை உள்ளவை நிகோட்டின் உறிஞ்சப்படுவதைத் தடுத்துவிடும். டீ குடித்துக்கொண்டே கம் மெல்லுவது காசைத் துப்புவதற்குச் சமம்.

அளவு: காலையில் எழுந்து 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. 2 மி.கி. மருந்துக்கடையில் கிடைக்கும். 4 மி.கி.க்கு டாக்டரிடம் சீட்டு வாங்குங்கள். முதல் 6 வாரம் 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒன்று. 7 முதல் 9 வாரம் வரை 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒன்று. 10 முதல் 12 வாரம் வரை 4 முதல் 8 மணி நேரத்துக்கு ஒன்று. ஒரு நாளில் 24க்கு மேல் வேண்டாம். பலரும் செய்யும் தவறு, ஆசை தாங்க முடியாமல் போன பிறகு மட்டும் ஒன்றைப் போடுவது, ஒரு நாளைக்கு மூன்றோடு நிறுத்துவது. முதல் ஆறு வாரத்தில் ஒரு நாளைக்கு 9க்குக் குறைந்தால் போதாது. "இதுக்கும் அடிமையாயிடுவேனோ" என்று பயந்து குறைப்பார்கள். கம்மில் தார் இல்லை, புகை இல்லை, நிகோட்டினும் மூளைக்கு மெதுவாகத்தான் போகிறது. சிகரெட்டோடு ஒப்பிட்டால் அந்தப் பயத்துக்கு இடம் மிகக் குறைவு.

ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவருக்கு, தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச் இன்னும் வசதி. 21 மி.கி. ஆறு வாரம், 14 மி.கி. இரண்டு வாரம், 7 மி.கி. இரண்டு வாரம். தினமும் காலையில், முடி இல்லாத உலர்ந்த தோலில், தினம் ஓர் இடமாக மாற்றி ஒட்ட வேண்டும். நம் ஊர் வேர்வையில் கழன்றுவிடும் என்பதால் குளித்து நன்றாகத் துடைத்த பிறகு, எண்ணெய், பவுடர் எதுவும் தடவாமல் ஒட்டி, 10 விநாடி உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். இரவில் கெட்ட கனவு வந்தால் படுக்கும்போது எடுத்துவிடலாம். பேட்சும் ஒட்டி, திடீர் ஆசைக்குக் கம்மும் வைத்துக்கொண்டால் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் அதிகம். வரெனிக்லின், பியூப்ரோபியான் என்ற மாத்திரைகளும் உண்டு. டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். வலிப்பு வந்தவருக்கு பியூப்ரோபியான் ஆகாது. கர்ப்பிணிகள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் கம், பேட்ச் உட்பட எதையும் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

முதல் மூன்று வாரம் உடம்பு செய்யும் வேலைகள்

இரண்டாம், மூன்றாம் நாள்தான் மோசம். எரிச்சல், தூக்கமின்மை, கவனம் நிற்காமை, பசி. இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த நாட்களில் அவர் மேல் எரிந்து விழாதீர்கள், கணக்கு முடிக்கும் வேலையைத் தலையில் கட்டாதீர்கள். ஒவ்வோர் ஆசை அலையும் சில நிமிடம்தான், பெரும்பாலும் ஐந்துக்குள் தணிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்துக்குக் கைக்கும் வாய்க்கும் வேலை வேண்டும்: ஏலக்காய், கிராம்பு, சோம்பு, பொரிகடலை, நெல்லிக்காய் ஒரு துண்டு, ஒரு டம்ளர் தண்ணீர், மாடிப்படி இறங்கி ஒரு சுற்று. பாக்கு மட்டும் வேண்டாம். புகையிலை கலக்காத பாக்கும் வாய்ப்புற்றை உண்டாக்கும் பொருள்தான். உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலைக்கு மாறுவதும் நிறைய நடக்கிறது. அது விட்டது ஆகாது. வேப் எனப்படும் மின்சிகரெட்டை விற்பதும் இறக்குமதி செய்வதும் 2019 முதல் இந்தியாவில் குற்றம்.

"காலையில ஒண்ணு இழுத்தாத்தான் வயிறு சுத்தமாகும்" என்று வெளியே சொல்லக் கூச்சப்பட்டே பலர் திரும்பப் போகிறார்கள். இது கற்பனை இல்லை. நிகோட்டின் குடலைத் தூண்டுகிறது, விட்டால் சில வாரம் மலச்சிக்கல் வரும். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், இரவில் வாழைப்பழம், கீரை, காலையில் பத்து நிமிட நடை. முன்கூட்டியே இதைச் சொல்லிவைத்தால் பயப்படமாட்டார்.

இன்னொன்றைப் பலரும் சொல்வதில்லை. புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, காபி டீயில் உள்ள கபீனை வேகமாகக் கரைக்கவைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைகிறது. அதே நாலு காபி குடித்தாலும் உடம்பில் தங்கும் கபீன் கூடிவிடும்: படபடப்பு, தூக்கமின்மை. அதைச் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். விட்ட நாளிலிருந்தே காபி, டீயைப் பாதியாக்குங்கள், மாலை 4 மணிக்கு மேல் வேண்டாம். இதே காரணத்தால், ஆஸ்துமாவுக்குத் தியோபிலின், மனநோய்க்கு ஓலன்சாபின், குளோசாபின் எடுப்பவர்கள் விடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

டீயும் தம்மும் ஒட்டிப் பிறந்த இடம் டீக்கடை. இரண்டு வாரத்துக்கு டீயைக் கேன்டீனுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் வழக்கமாகச் சிகரெட் பிடிக்கும் கையில் டீ கிளாசைப் பிடிக்கச் சொல்லுங்கள், இன்னொரு கையில் வடை. எண்ணெய் ஒட்டிய விரலால் யாரும் சிகரெட்டை வாங்கமாட்டார்கள். மது அருந்துபவராக இருந்தால் முதல் ஒரு மாதம் அதையும் தள்ளி வைக்கும்படி வெளிப்படையாகக் கேளுங்கள். மூன்று வாரம் தாக்குப்பிடித்தவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் அந்த மேசையில்தான்.

தேசியப் புகையிலை விடுதல் உதவி எண் 1800-11-2356. கட்டணம் கிடையாது, சிகரெட் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். எடுத்ததும் தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். 011-22901701க்கு மிஸ்டு கால் கொடுத்தால் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக ஆலோசனை வரும். மாவட்ட அரசு மருத்துவமனையில் புகையிலை விடுதல் மையம் உண்டா என்று புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் இடத்தில் கேளுங்கள். பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பார்க்கிறார்கள். வேலை நேரத்தில் போன் பேசப் பத்து நிமிடமும், மையத்துக்குப் போய்வர அரை நாளும் நிறுவனம் கொடுக்க வேண்டும். முடிந்தால் முதல் மாத கம் செலவையும். விட்டவருக்குச் சேரும் பணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: ஒன்று 15 ரூபாய் என்று வைத்து நாளைக்குப் பத்து என்றால் மாதம் 4,500 ரூபாய், வருடம் 54,750.

நடுவில் ஒன்றைப் பிடித்துவிட்டால்? மிச்சத்தை அங்கேயே அணைத்துப் போடச் சொல்லுங்கள். எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதிவைக்கட்டும், கம்மும் பேட்சும் அப்படியே தொடரட்டும். "எல்லாம் போச்சு" என்று பாக்கெட் வாங்கப் போவதுதான் உண்மையான விழுதல். நிரந்தரமாக விட்டவர்களில் பலர் அதற்கு முன் பல தடவை முயன்றவர்களே.

போன் செய்ய வேண்டிய நாட்கள்: விட்ட மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம். அந்த மூன்றாம் மாதம் துண்டுகளையும் மறுபடி ஒரு வாரம் எண்ணுங்கள். மாடிப்படியில் குறைந்து, மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் பின்னால் கூடியிருந்தால், அங்கே ஒரு போர்டு மாட்டிவிட்டு, மறுநாள் டீ நேரத்தில் ஏறிப் போய் அங்கிருப்பவரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள்.